திரும்பி நின்றவள்

என் முத்துவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. உனக்கு டெங்கு என்று கேள்விப்பட்ட அன்று நான் தில்லியில்தான் இருந்தேன். மெட்ரோவில் ஏறினால் நாற்பது நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. நாளைக்குப் போகலாம் என்று இருந்தேன். மறுநாள் பயிற்சி இருந்தது. அதற்கு மறுநாள் நீ இல்லை.

பயிற்சி ஒரு சாக்கு என்று உனக்குத் தெரியும். உன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அதுதான் நிஜம்.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

புசா ரோடு பள்ளியில் ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். உங்கள் வீட்டில் திருநெல்வேலித் தமிழ், எங்கள் வீட்டில் கும்பகோணத் தமிழ். நீ "ஏட்டி" என்று கூப்பிட்டதும் திட்டுகிறாய் என்று நினைத்து நான் அழுதேன். பதினைந்து வயதில் இரண்டு பேரும் ஒரே கிரிக்கெட் பயிற்சி முகாமில் சேர்ந்தோம். நீ சுழற்பந்து, நான் விக்கெட் கீப்பர். இருபத்து நான்கு வயதில் ஒரே அணியில் ஒப்பந்தம் கிடைத்தது. முத்து என்றால் ஹிந்தியில் மோத்தி என்று நான்தான் அவர்களுக்குச் சொன்னேன். அன்றிலிருந்து அணிக்கு நீ மோத்தி.

ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து நான் தமிழில் கத்துவேன். "அவ முன்னாடி வராடி, கொஞ்சம் மெதுவாப் போடு!" பேட்டிங் செய்பவளுக்கு ஒன்றும் புரியாது. நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு மெதுவாகப் போடுவாய். எத்தனை பேரை அப்படி ஏமாற்றியிருப்போம்?

பிறகு அந்த அரையிறுதி. கடைசி ஓவர் உன்னுடையது. எல்லைக் கோட்டருகே நம் அணியின் நேஹா, கைக்கு வந்த கேட்சை விட்டாள். தோற்றோம். மற்றவர்கள் இன்னும் மைதானத்தில் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். உடைமாற்றும் அறையில் நாலே பேர்: எல்லோருக்கும் தீதி, அதாவது அக்காவான நம் கேப்டன் ரிது, நேஹா, நீ, நான்.

நான் கண்ணாடி முன்னால் நின்று தலைமுடியை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். ரிது தீதி வந்தாள். நேஹாவைக் கன்னத்தில் அறைந்தாள். அவள் தடுமாறி நிமிர்ந்ததும் இன்னொரு முறை. கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது.

நீதான் நடுவில் போய் நின்றாய். ஹிந்தியில் சொன்னாய்: "என் பந்துல விட்ட கேட்ச், தீதி. எனக்கே கோவம் வரல. நீங்க யாரு அவள அடிக்க?"

ரிது தீதி குரலை உயர்த்தவே இல்லை. "டீம் கீ பாத் டீம் மே ரஹேகீ" என்றாள். அணி விஷயம் அணிக்குள்ளேயே இருக்கும். அந்த அறையில் அதற்கு மேல் ஒரு சட்டம் இருந்ததில்லை.

பஸ்ஸில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து புகாரை எழுதினாய். சாட்சி என்ற இடத்தில் என் பெயர். "ஏட்டி, நாளைக்கு மேனேஜர் கேப்பா. நீயும் சொல்லுவேல்லா?" என்று கேட்டாய்.

"சொல்றேன்டி. பாத்தேனே" என்றேன்.

மறுநாள் மேனேஜர் அறையில் முதலில் நேஹாவைக் கேட்டார்கள். ரிது தீதி எதிரே உட்கார்ந்திருக்க, அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, தீதி விளையாட்டாகத் தட்டினாள் என்றாள். அடுத்தது நான். இரண்டு வருஷம் வெளியில் உட்கார்ந்து காத்திருந்து, அந்த வருஷம்தான் ஆடும் அணியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. கொடுத்தது ரிது தீதி. "மேடம், நான் திரும்பி நின்னுட்டிருந்தேன். ஒண்ணும் பாக்கல" என்றேன்.

திரும்பி நின்றது உண்மைதானே? அப்படித்தான் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீ என்னைத் திட்டியிருக்கலாம். அறைக்கு வெளியே வந்ததும், "சாப்பிட்டியாட்டி?" என்று மட்டும் கேட்டாய். நான் உன்னைத் தாண்டி நடந்தேன்.

அடுத்த பருவத்தில் நான் துணை கேப்டன். அணியில் உன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நீ வந்தால் பேச்சு நிற்கும். வலைப்பயிற்சியில் உன் பந்தை ஆட ஆள் வராது. நீ காலி வலையில் ஒற்றை ஸ்டம்பை நட்டுவைத்து வீசிக்கொண்டிருப்பாய். ஒருநாள் ரிது தீதி என்னிடம், "மைதானத்தில் தமிழ் வேண்டாம், என்ன ரகசியம் பேசுகிறீர்கள் என்று மற்றவர்களுக்குச் சந்தேகம் வருகிறது" என்றாள். அடுத்த ஆட்டத்தில் உன்னிடம் ஹிந்தியில், "தீரே டாலோ, மோத்தி" என்றேன். மெதுவாகப் போடு என்றுதான் அர்த்தம். நீ பந்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாய். பிறகு தலையாட்டிவிட்டு வீசப் போனாய்.

அந்தப் பருவத்தோடு உன்னை நீக்கினார்கள். பந்து சுழலவில்லை என்று காரணம் சொன்னார்கள். உனக்குக் கீப்பிங் செய்தவள் நான். பந்து எப்படிச் சுழன்றது என்று என் விரல்களுக்குத் தெரியும். தேர்வுக் குழு என்னையும் கேட்டது. "உங்க முடிவுதான் சரியா இருக்கும்" என்றேன்.

நீ ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை ஆனாய். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்புவாய். நான் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்புவேன். ஆறு வருஷத்தில் நமக்குள் இருந்தது அவ்வளவுதான்.

இப்போதைய செய்தி சொல்கிறேன். நான் அதே அணிக்கு ஃபீல்டிங் பயிற்சியாளர். நேஹா கேப்டன். ரிது தீதி தேர்வுக் குழுத் தலைவி.

போன மாதம் புதிதாக வந்த ஒரு பெண் என்னிடம் வந்து நின்றாள். அவள் ஷூவைச் சீனியர்கள் குளியலறை வாளியில் ஊறப் போட்டிருந்தார்கள். மூன்றாவது தடவையாம். ஆட்டம் தொடங்க அரை மணி. கையில் தண்ணீர் சொட்டும் ஷூ. யோசிக்காமல் நான் சொன்னேன்: "டீம் கீ பாத் டீம் மே ரக்கோ, பேட்டா." அணி விஷயத்தை அணிக்குள்ளேயே வை, மகளே என்று.

அவள் "ஜீ மேம்" என்று திரும்பிப் போனாள். முத்து, அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ரிது தீதியின் வாக்கியம் என் வாயிலிருந்து வந்தது, அதே நிதானமான குரலில். அவளாவது கோபத்தில் அடித்தவள். நான் எதில் சேர்த்தி?

ஆட்டம் முடிந்ததும் கதவைச் சாத்தி எல்லோரையும் உட்கார வைத்தேன். நேஹாவைத் தனியே அழைத்து, "உன் பேரைச் சொல்லலாமா?" என்று கேட்டேன். "சொல்லுங்க" என்றாள். நேஹா கன்னத்தில் விழுந்த அறை, கண்ணாடி, புகார், என் பொய், துணை கேப்டன் பதவி, எல்லாம் சொன்னேன். மூத்த வீராங்கனை ஒருத்தி பாதியில் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஷூ நனைந்தவள் மட்டும் என்னைப் பார்த்தாள்.

எல்லோரும் போன பிறகு நேஹா சொன்னாள்: "கண்ணாடில உங்க கண்ண நானும் பாத்தேன், தீதி. அப்பவே தெரியும்."

"நீயும்தானே மாத்திச் சொன்னே?" என்று கேட்டுவிட்டேன். இப்போதும் தப்பிக்கத்தான் பார்க்கிறேன், பார்த்தாயா?

அவள் கோபப்படவில்லை. "எனக்கு அப்ப பத்தொன்பது வயசு. அடி வாங்கினவ நான். உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள். பிறகு, நீ அந்த வருஷம் முழுக்க அவளுக்குத் தினமும் போன் செய்ததைச் சொன்னாள். அவள் மாற்றிச் சொன்னதைப் பற்றி ஒரு நாளும் நீ கேட்கவில்லையாம். அவளுக்குப் போன் செய்த நீ, என் போனுக்கும் காத்திருந்தாயா? இதை யாரிடம் கேட்பேன்?

அடுத்த ஞாயிறு உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இப்போது கரோல் பாக்கில் உன் தம்பியோடு இருக்கிறார்கள். படியேறும்போதே அழுகை வந்தது. அழுதால் அவர்கள் என்னைத் தேற்ற வேண்டியிருக்குமே என்று அடக்கிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் அத்தையிடம் சொன்னேன். உன் பந்து சுழலவில்லை என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தார்கள். நீயே அப்படித்தான் சொல்லியிருக்கிறாய். கடைசியில் கேட்டார்கள்: "இதை அவ இருக்கும்போது வந்து சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருக்கணும் அத்தே."

"எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? நான் வெறும் தாயி. சொல்ல வேண்டிய இடத்துல போய்ச் சொல்லு."

காபி தரவில்லை. தந்திருந்தால் குடித்திருக்க முடியாது.

அத்தை சொன்னதைச் செய்திருக்கிறேன். கிரிக்கெட் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் வரியில் என் பொய், அதற்குப் பிறகுதான் ரிது தீதி. நேஹாவும் தன் வாக்குமூலத்தைக் கொடுத்திருக்கிறாள். வியாழக்கிழமை விசாரணை. வேலை போகும் என்கிறார்கள். போகட்டும். இதனால் உனக்கு ஒரு ஆட்டம்கூடத் திரும்பக் கிடைக்காது, தெரியும்.

மன்னிப்பு கேட்க மாட்டேன். கொடுக்க நீ இல்லாதபோது கேட்பது ரொம்பச் சுலபம். ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். வியாழக்கிழமை மேஜைக்கு அந்தப் பக்கம் ரிது தீதி இருப்பாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன், "பார்த்தேன்" என்று. எத்தனை தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

உன்னைவிட நான்கு மாதம் சின்னவளாக இருந்தும்
ஒருநாளும் உன்னை அக்கா என்று கூப்பிடாத தங்கை,
காயத்ரி