டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன்

பிப்ரவரி 4, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். மனாமாவில் நாங்கள் இருக்கும் குதைபியாவில் இரண்டு சொட்டு விழுந்தாலே தெரு குளமாகிவிடும். ஸ்கூல் பஸ் லேட். நாள் முழுக்க ஈர ஷூ.

ரிலிஜியஸ் ஸ்டடீஸ் வகுப்பில் விவாதம். பன்னிரண்டாவதில் இந்தப் பாடத்தை நானாக எடுக்கவில்லை. டைம்டேபிளில் ஒத்துவந்தது இதுதான். பாதி இஸ்லாமிய வழிபாடு, பாதி கிறிஸ்தவ மருத்துவ அறம். எங்கள் சாமி எதற்கும் அதில் இடமில்லை. ஆனாலும் இப்போது பிடித்துப்போயிற்று.

தலைப்பு: கருக்கலைப்பு எந்த நிலையிலும் தவறு. மிஸ் என்னை "ஆம்" பக்கத்தில் போட்டார். உயிர் கொடுக்கப்பட்டது, கொடுத்தவர்தான் எடுக்கலாம், பலவீனமான உயிருக்குத்தான் காவல் அதிகம் தேவை. நன்றாகப் பேசினேன். கைதட்டல். ரிஸ்வானா சொன்னாள், "நீ பேசாம பாதிரியாரா போயிடுடி." அவளும் தமிழ்தான், கீழக்கரை. வகுப்பில் எனக்கிருக்கும் ஒரே தமிழ்ப் பேச்சு.

படிக்க வேண்டியது: தொழுகைக்கு முன் கழுவிக்கொள்ளும் ஒளுவின் வரிசை. கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை, தலை, காது, கால். ஒவ்வொரு தடவையும் காதை விட்டுவிடுகிறேன்.

புதன்கிழமை அம்மாவுக்கு ஸ்கேன். ஐந்தாம் மாதம். நாற்பத்தியொரு வயதில். முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. இப்போது இல்லை. அப்பா எண்ணெய் ஆலை ஷட்டவுன் வேலைக்குக் கத்தார் போயிருக்கிறார், வர இரண்டு மாதம் ஆகும். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. நான்தான் கூடப் போக வேண்டும். லீவ் லெட்டர் மறக்கக் கூடாது.

பிப்ரவரி 7, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

டாக்டர் இந்த ஊர்க்காரப் பெண்மணி. கருவியை வயிற்றில் வைக்கும் முன் மெதுவாக "பிஸ்மில்லாஹ்" என்றார். எதையும் தொடங்கும்முன் சொல்வது. எனக்குத் தெரியும் என்று உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை. கால் காட்டினார், முதுகெலும்பு காட்டினார். அம்மா கழுத்தை நீட்டிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு டாக்டர் பேசுவதை நிறுத்திவிட்டார். அதே இடத்திலேயே கருவி திரும்பத் திரும்பப் போனது. இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். இருவரும் அரபியில்.

என்னிடம் கேட்டார்: உனக்கு என்ன வயது? அப்பா எங்கே? வேறு பெரியவர் யாராவது? யாரும் இல்லை என்றேன். தமிழ் தெரிந்த நர்ஸ் இருக்கிறாரா என்று பார்க்க எழுந்தார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குடி வேற ஆளு? எம் பொண்ணே சொல்லுவான்னு சொல்லு."

டாக்டர் உட்கார்ந்தார். மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னார். எல்லா வார்த்தையும் எனக்குத் தெரிந்தது. போன மாதம் மருத்துவ அறத்தில் வந்தவை. தமிழில்தான் ஒன்றும் வரவில்லை.

"கொழந்தைக்கு மண்டை ஓடு வளரலயாம்மா. மூளையும் சரியா வரலயாம்."

"இன்னும் நாலு மாசம் இருக்கே. வளந்துரும்ல? கேளு."

கேட்டேன். நான் முடிக்கும் முன்பே டாக்டர் தலையை ஆட்டிவிட்டார்.

"வளராதாம்மா."

"பொறந்தப்பறம் ஆபரேஷன் கீபரேஷன்?"

"இல்லம்மா. பொறந்தா... இருக்காதாம்."

"இருக்காதுன்னா?"

டாக்டர் டிஷ்யூ டப்பாவை நகர்த்தி வைத்தார். அம்மா அழவில்லை. வயிற்றில் இருந்த பசையைத் துடைத்தாள், ஓரம்கூட விடாமல். புடவையை இழுத்து விட்டுக்கொண்டாள். "அவங்களுக்குத் தேங்ஸ் சொல்லு" என்றாள்.

டாக்ஸியில் ஒரே ஒரு வார்த்தை. "உதைக்குது."

பிப்ரவரி 8, வியாழன்

ஸ்கூல் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. விவாதத்தை ஒட்டி எழுதிய கட்டுரை திரும்பி வந்தது. 'ஏ'. "தெளிவாக, உறுதியாக வாதிட்டிருக்கிறாய்" என்று மிஸ் பச்சை மையில். பையின் அடியில் தள்ளினேன்.

சாயங்காலம் அப்பா ஃபோன். டாக்டர் இரண்டு வழி சொல்லியிருந்தார். பிரசவம் வரை சுமக்கலாம், அவர் பார்த்துக்கொள்வார். இல்லையென்றால் ஊருக்குப் போய்ச் செய்துகொள்ளலாம். ஆனால் அங்கே சட்டத்தில் வாரக் கணக்கு உண்டு, உடனே கிளம்ப வேண்டும். அப்பா சத்தமாகப் பேசுவார், பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது.

"கெளம்பிடு. தஞ்சாவூர்ல ஒந் தங்கச்சி டாக்டர்ட்ட பேசிட்டா. எனக்கும் எமர்ஜென்சி லீவ் குடுக்கிறாங்க, நேரா அங்க வந்துர்றேன்."

அம்மா ரிசீவரைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யோசிச்சு சொல்றேன்."

சமையல் இல்லை. பிரெட், ஜாம்.

பிப்ரவரி 9, வெள்ளி

லீவ். பக்கத்துப் பள்ளிவாசலில் ஜும்ஆ கூட்டம், தெரு வரைக்கும் பாய். அம்மா ஹாலில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ ஸ்கூல்ல இதத்தானடி படிக்கிற? என்ன போட்ருக்குன்னு படிச்சுக் காட்டு."

புத்தகத்தை எடுத்து வந்து தமிழில் சொன்னேன். கத்தோலிக்கத் திருச்சபை என்ன சொல்கிறது, மற்ற சபைகள் எதில் விட்டுக்கொடுக்கின்றன, கடுமையான ஊனம் உள்ள கரு என்றால் யார் யார் என்ன சொல்கிறார்கள். அம்மா நாரை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த அம்மா என்ன சொல்றா?"

"எந்த அம்மா?"

"புள்ளயச் சொமக்கிறவ. அவ என்ன சொன்னான்னு போடலயா?"

தேடிப் பார்த்தேன். தாயின் உரிமை என்று ஒரு பத்தி. அதிலும் பேசுவது வேறு யாரோ. இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். விவாதத்தில் பேசிய அதே குரல் வந்துவிட்டது. "நாலு மாசம்தானம்மா. சொமந்தா என்ன? கடவுள் குடுத்ததுதானே?"

கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீ சொமக்கிறியா?"

பிறகு அவளே என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உதைத்தது. சின்னதாக, மீன் திரும்புவது போல.

"இது இப்டி பண்றப்பல்லாம் நான் சந்தோஷப்படுறதா அழுவுறதா? ஒவ்வொரு ஒதைக்கும் அதுகிட்ட என்ன சொல்லுவேன்? நாலு மாசம் இப்டியே இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்டி. சாமிக்குப் புரியும். புரியலன்னா நான் பேசிக்கிறேன் அதுகிட்ட."

அப்போதுதான் அழுதாள். மீதி அவரைக்காயை நான் நறுக்கினேன்.

அப்பாவுக்கு ஃபோன் செய்தாள். டிக்கெட் வியாழக்கிழமைக்கு.

பிப்ரவரி 11, ஞாயிறு

லைப்ரரியில் ரிஸ்வானாவிடம் சொன்னேன். அவளிடம் மட்டும். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேனா மூடியைத் திருகினாள்.

"அது கூடாதுடி. நாலு மாசத்துல ரூஹு, அதான் உசிரு, ஊதிர்றாங்க. அதுக்கப்பறம்..."

"தெரியும். நானும் அதத்தான் படிச்சேன். அஞ்சு மார்க்."

எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் அவள் முன்சீட்டில், நான் கடைசி சீட்டில்.

பிப்ரவரி 13, செவ்வாய்

குளிர் காற்று. பால்கனியில் காயப்போட்ட துணியெல்லாம் மணல்.

சாயங்காலம் பெல். ரிஸ்வானாவும் அவள் உம்மாவும். அவள் வாப்பா மனாமா சூக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கிறார், அங்கிருந்து காரில் வந்திருக்கிறார்கள். உம்மா கையில் டிபன் கேரியர். இடியாப்பம், ஆணம் என்று அவர்கள் சொல்லும் கறிக்குழம்பு. உம்மா செருப்பைக் கழற்றியதும் நேராகச் சமையலறைக்குப் போய்விட்டார், அம்மா அங்கேதான் இருந்தாள். பேச்சு கேட்கவில்லை. ஒரு தடவை மட்டும் உம்மா குரல்: "நீங்க தகிரியமாப் போய்ட்டு வாங்க. புள்ள எங்கூட இருக்கட்டும்."

ஹாலில் நாங்கள் இருவர். டிவி சத்தமில்லாமல் ஓடியது.

ரிஸ்வானா: "நான் சொன்னது புத்தகத்துல உள்ளது. ஒங்கம்மாவ நெனச்சு சொல்லல."

"நானும் அப்டித்தான் பேசினேன் அன்னிக்கு."

"நல்லாத்தான் பேசின."

"ம்."

இடியாப்பத்தை ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

பிப்ரவரி 15, வியாழன்

ஏர்போர்ட். அம்மா தளர்வான சுடிதார், மேலே சால்வை. கவுன்ட்டரில் இருந்த பெண் வயிற்றைப் பார்த்துச் சிரித்து, நடைபாதை ஓரச் சீட் கொடுத்தாள். அம்மாவும் திரும்பச் சிரித்தாள்.

சொன்னவை: கேஸை மூடினியா. ஃபிரிட்ஜில் தயிர் இருக்கு, கொட்டிரு. பரீட்சைக்கு ஒழுங்காப் படி. தலைக்கு எண்ணெய் வை.

திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

ரிஸ்வானா வீட்டில் நான்காம் நாள். ஒரே அறை, இரண்டு கட்டில். உம்மா என்னை "மவளே" என்கிறார்.

விடிகாலை பள்ளிவாசல் பாங்கு சத்தத்தில் விழித்தேன். ஹாலில் உம்மா தொழுதுகொண்டிருந்தார். கதவோரம் நின்று பார்த்தேன். நிற்பது, குனிவது, நெற்றியைத் தரையில் வைப்பது. எல்லாம் பாடத்தில் இருக்கும் வரிசைதான். ஆனால் புத்தகப் படத்தில் மனிதருக்கு முகம் கிடையாது. உம்மாவுக்கு எழும்போது முழங்கால் சொடக்கு விட்டது. ஒரு கையை ஊன்றித்தான் எழுந்தார். முடிந்த பிறகு கையேந்தி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். தொழுகை வேறு, கையேந்திக் கேட்கும் துஆ வேறு, வித்தியாசம் எழுதுக. நானே எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்.

என்னைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"என்ன கேட்டீங்க?"

"ஒங்க உம்மாக்கு ஒடம்பு நல்லாவணும்னு கேட்டேன்."

"கொழந்தைக்கு?"

"அதுக்கு நான் கேக்க என்ன இருக்கு மவளே. பச்சப்புள்ள. அது போற எடத்துல அதுக்குக் கேள்வி கணக்கே கெடயாது."

"அம்மாவுக்கு?"

விரிப்பை மடித்தார். "நமக்கெல்லாம் உண்டு. எனக்கும் உண்டு. அத அவன் பாத்துக்குவான். நீ போய்ப் பல்ல வெளக்கு, டீ போடுறேன்."

பிப்ரவரி 19, திங்கள்

மாதிரித் தேர்வு, முதல் தாள், இஸ்லாமிய வழிபாடு. எல்லாம் தெரிந்த கேள்வி. காதை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உம்மா ஃபோனை நீட்டினார். தஞ்சாவூரிலிருந்து அப்பா. எப்போதும் கத்திப் பேசுகிறவர், இன்று குரலே கேட்கவில்லை.

"முடிஞ்சிது பாப்பா. அம்மா நல்லாருக்கா. தூங்குறா."

"சரிப்பா."

"பொண்ணு."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நானும் சித்தப்பாவும் வெண்ணாத்தங்கரைக்கு எடுத்துட்டுப் போனோம். துண்டுல சுத்தி. எடையே இல்ல பாப்பா, கையில ஒண்ணுமே..."

அப்பா அழுது நான் கேட்டதே இல்லை. ஃபோனை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். ரிஸ்வானா வாங்கி, "அங்கிள், நாங்க பாத்துக்கிறோம் அவள" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

எனக்கு ஒரு தங்கச்சி.

பிப்ரவரி 21, புதன்

இரண்டாம் தாள். அந்தக் கேள்வி வந்தது. ஒரு பக்கம் எழுதினேன், மறு பக்கம் எழுதினேன். கடைசியில், உன் சொந்தக் கருத்து என்ன, காரணத்துடன் கூறுக. எழுதாமல் தாளைக் கொடுத்துவிட்டேன்.

மிஸ் மதியமே கூப்பிட்டார். ஏன் விட்டாய், உனக்குப் பிடித்த பகுதியாயிற்றே. சொன்னேன். முழுவதும். ஸ்கேன், அவரைக்காய், ஆற்றங்கரை எல்லாம். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். ரொம்ப வருடமாக இந்தப் பாடம் நடத்துகிறேன், இப்படி யாராவது வந்து சொன்னால் என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியாது என்றார். மார்க் போகட்டும், நீ வீட்டுக்குப் போ என்றார்.

மார்ச் 9, வெள்ளி

அம்மா வந்துவிட்டாள். கன்னம் ஒட்டியிருக்கிறது. அப்பா நேராகக் கத்தாருக்குப் போய்விட்டார்.

உம்மா சோறு கொடுத்தனுப்பினார். சாப்பிடும்போது அம்மா தானாகவே சொன்னாள். மூன்றாம் நாள் பால் வந்துவிட்டதாம். குடிக்கப் பிள்ளை இல்லாமல் நெஞ்சு கல்லாகி, காய்ச்சல். மல்லிகைப்பூ வைத்துக் கட்டினால் வற்றிவிடும் என்று சித்தி முழம் முழமாக வாங்கி வந்து கட்டினாளாம்.

"பூ வாசம் தாங்கலடி. எந்திரிச்சுப் போயி வாந்தி எடுத்தேன்."

"பாத்தியாம்மா அவள?"

"பாத்தேன். சித்தி அவ தலையில துணி கட்டிக் காட்டினா. காலு உன்ன மாதிரி. கட்டை வெரல் கொஞ்சம் தள்ளி."

என் காலைப் பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 11, ஞாயிறு

வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. ஸ்கூல் விட்டு வந்ததும் அம்மாவோடு கீழே கோல்டு ஸ்டோர் என்கிற மளிகைக் கடைக்குப் போனேன். அரிசி, கொத்தமல்லி, தயிர். ஊரிலிருந்து வந்த பிறகு அவள் தெருவில் இறங்குவது இதுதான் முதல் தடவை. கடைக்காரர் மலையாளி, நல்ல மனிதர். அம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"சேச்சி, ரொம்ப நாளாச்சு! டெலிவரி ஆயோ? மோனா, மோளா?"

நான் குறுக்கே வாயைத் திறந்தேன். அம்மா என் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"மோளு. போய்ட்டா."

அவர் கையில் இருந்த பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அம்மாதான் வாங்கிக்கொண்டாள். லிஃப்டுக்குப் போகவில்லை. படியில் ஏறினாள். முதல் மாடி திரும்பும் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள், மடியில் பையோடு. நானும் உட்கார்ந்தேன். மேல் வீட்டுக்காரர் ஒருவர் ஒதுங்கி, சுவரோரமாக ஏறிப் போனார். பிறகு அம்மா என் தோளைப் பிடித்து எழுந்தாள்.

"வா. தயிர் புளிச்சிரும்."