போத்தல் வைக்காத திவசம்

அடித்தாலும் அணைத்தாலும் என்னை "மனே" என்றே கூப்பிட்ட என் அப்பாவுக்கு,

இந்த வருசம் உங்கள் படையலில் சாராயப் போத்தல் இல்லை. கொய் மீன் பொரியல் இருந்தது, கோழிக்கறி இருந்தது, சுருட்டும் இருந்தது. போத்தலைக் காணாமல் நீங்கள் சத்தம் போட்டிருப்பீர்கள் என்று தெரியும். கோவிக்காமல் கேளுங்கள், நடந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் போன பிறகு உங்கள் மேசன் வேலையோடு சேர்த்து உங்கள் குடியையும் நான்தான் எடுத்துக்கொண்டேன். தம்பிக்கு ஒரு சொட்டும் மிச்சம் வைக்கவில்லை! கடைசியில் உங்கள் மருமகள் என்னை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள். சீதனமாய் வந்த அவளுடைய வீடு, நான் என்ன சொல்ல முடியும்? அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த நாட்களில் களுவாஞ்சிக்குடியில் ஒரு மண்டபத்துக்கு வெளிச்சுவர் பூசிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை பின்னேரம் உள்ளே பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். மரண உதவிச் சங்கமாக்கும் என்று நினைத்தேன். யன்னலால் ஒருவரின் குரல் கேட்டது. மகளின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கப் போனவர் மூன்றாம் நாள் வெறுங்கையோடு திரும்பியதை, மனைவி கதவைச் சாத்தியதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அச்சொட்டாக என் கதை! மனுசிதான் என் மானத்தை வாங்கிவிட்டாள் என்று கொதித்துப்போய், சுவர் பூசுகிற சாந்தகப்பையும் கையுமாக உள்ளே பாய்ந்தேன். "ஆரடா என்ர வீட்டுக் கதையக் கதைக்கிற?" என்று கத்தினேன்.

பேசிக்கொண்டிருந்தவர் இரத்தினம் அண்ணன், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். "தம்பி, இது என்ர கதை. உங்கடயும் இதுதானெண்டா சாந்தகப்பைய வச்சிட்டு இருங்க. தேத்தண்ணி குடிப்பம்" என்றார். உட்கார்ந்தேன். குடியை விட்டவர்களும் விட முயல்கிறவர்களும் கூடுகிற இடம் அது. அன்றைக்குச் சுவர் பூசி முடியவில்லை.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் மண்டூரில் பாதைப் படகு ஏறி வாவியைக் கடந்து போனேன். அங்கே ஒருவரும் புத்தி சொல்வதில்லை. எழும்பி நின்று, குடிக்காமல் எத்தனை நாள் என்று சொன்னால் கைதட்டுவார்கள். எனக்கு எப்போது யார் கைதட்டினார்கள், அப்பா? வெட்கத்தில் வேர்த்துப்போனேன். ஏழு மாதம் அப்படிப் போனது. மருமகள் கதவைத் திறந்துவிட்டாள்.

பிறகு போன வருசத்துத் திவசம் வந்தது. நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? உங்களுக்குப் படைத்த போத்தலை மூத்த மகன்தான் குடித்து முடிக்க வேண்டும், கீழே ஊற்றினால் குற்றம். கிளாஸைக் கையில் எடுத்தபோது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இது குடியில்லை, அப்பாவின் பங்கு என்று! நாலாம் நாள்தான் தெளிந்தேன். மருமகளின் கதவு திரும்பவும் பூட்டு.

கூட்டத்துக்குப் போக முகமில்லை. இரண்டு சனிக்கிழமை ஒளித்திருந்தேன். மறுநாள் இரத்தினம் அண்ணனே பாதை ஏறி என்னைத் தேடி வந்துவிட்டார். திவசக் கதையைக் கேட்டு மனுசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நான் எங்கட அம்மா செத்த எட்டாம் நாள் படையலுக்குக் குடிச்சன் தம்பி. சாராய வாசமே ஒத்துக்கொள்ளாத மனுசி, அவட பேரச் சொல்லிக் குடிச்சன்! வாங்க, வந்து இதையும் சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். "இண்டைக்கு ஒரு நாள்" என்று முதலிலிருந்து தொடங்கினேன். அந்த ஒரு நாளுக்கும் அதே கைதட்டல். அழுதுவிட்டேன், அப்பா. அந்த மனிதர்களுக்கு நான் எப்படி நன்றி சொல்லித் தீர்ப்பேன்?

இந்த வருசமும் அம்மா போத்தலைக் கொண்டுவந்து வைத்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆசையாகத்தான் இருந்தது. இரத்தினம் அண்ணனுக்குப் போன் எடுத்தேன். "எனக்குச் சொல்லி என்ன? அம்மாட்டச் சொல்லுங்க" என்றார்.

"அம்மா, இத வச்சா நான் குடிச்சிருவன். எனக்கு ஏலா" என்றேன். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். வைத்த போத்தலைத் திரும்பக் கையில் எடுத்தார்.

"எனக்கும் விருப்பமில்ல மனே. வைக்காட்டி அந்த மனுசன் வந்து சட்டிபானைய உடைப்பாரெண்ட பயத்திலதான் இவ்வளவு காலமும் வச்சன்."

செத்த பிறகுமா, அப்பா? நாங்கள் அதைப் பாசம் என்றல்லவா நினைத்திருந்தோம்?

அம்மாவே போத்தலைக் கொண்டுபோய்க் கிணற்றடி வாழைக்குள் கவிழ்த்தார். பிறகு தேத்தண்ணி ஊற்றி, நாலு கரண்டி சீனி போட்டு உங்கள் படத்தின் முன் வைத்தார். "கலியாணம் முடிச்ச புதுசில இதத்தான் கேட்டுக் கேட்டுக் குடிப்பார்" என்று சொல்லிச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் கண்டதில்லை. உங்கள் காலத்தில் அந்த மண்டபத்தில் ஒரு கதிரை கிடைத்திருந்தால் நீங்களும் உட்கார்ந்திருப்பீர்களா?

மருமகளும் பேத்தியும் வந்து கும்பிட்டார்கள். போகும்போது மருமகள் என் உடுப்புப் பையைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

சனிக்கிழமை தவறாமல் பாதை ஏறுவேன், அப்பா, இது உங்களுக்குச் சத்தியம். ஒருநாள் என் படத்துக்கும் உங்கள் பேத்தி படைப்பாள். அன்றைக்கு அவள் எதை வைத்தாலும் பயந்து வைக்க மாட்டாள்.

உங்கள் மூத்த மகன்,
தவராசா