தை வரைக்கும் ஒரு பாஷை

1960 நவம்பர் 7, திங்கள்

விடியலிலிருந்து தூறல். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பாதிப் பேர் சாக்கைப் போர்த்திக்கொண்டு. தேயிலைக் கொழுந்து குறைவு, அதில் தண்ணீர் அதிகம். துரையின் முகம் சரியில்லை.

வாங்க: மண்ணெண்ணெய், செல்விக்குப் பனியன், கருவாடு (லீலா மூன்று தடவை சொல்லிவிட்டாள்).

சாயந்தரம் தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர் வந்தார். ஜனவரியில் மகள் செல்வியைச் சேர்க்க வேண்டும், அதைப் பேசத்தான் கூப்பிட்டிருந்தேன். “பேரென்ன பாப்பா?” என்றார். பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மறுபடி கேட்டார். நானும் கேட்டேன். மூச்சு விடவில்லை.

ஊமை இல்லை. அம்மா லீலாவிடம் சிங்களத்தில் கிசுகிசுப்பாள், நான் வாசலில் கால் வைத்ததும் நிறுத்திவிடுவாள். தமிழ் எல்லாம் விளங்குகிறது. செருப்பை எடு என்றால் எடுத்து வருகிறாள். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. ஐந்து வயதாகப்போகிறது, ஒரு தடவை அப்பா என்றதில்லை.

மாஸ்டர் சொன்னது: “குத்தம் பிள்ளை மேல இல்லீங்க கணக்கப்பிள்ளை. அம்மா ஒரு பாஷை, அப்பா ஒரு பாஷை. சேத்துல ஒரு கால், ஆத்துல ஒரு காலுன்னா பிள்ளை எப்படி நடக்கும்? தை வரைக்கும் வீட்ல தமிழ் மட்டும் பேசச் சொல்லுங்க. பேரு கேட்டா சொல்லத் தெரியாத பிள்ளைய நான் எப்படிங்க சேத்துக்கிறது? மத்ததுக ஊமைச்சின்னு பேரு வச்சிடுமுங்க.”

தேநீர் கொண்டுவந்த லீலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். அவர் போனபிறகு, “எப்ப வரைக்கும்?” என்றாள்.

“தை வரைக்கும்.”

“சரி.”

ஒரே ஒரு கோப்பையை ரொம்ப நேரம் கழுவினாள்.

நவம்பர் 10, வியாழன்

பனிமூட்டம். பத்து மணிக்குக்கூட மலை தெரியவில்லை.

வீடு அடங்கிக் கிடக்கிறது. லீலா வாக்குத் தவறவில்லை, தமிழ்தான் பேசுகிறாள். என்ன தமிழ்! வா. போ. தொடாதே. கெதியா நட. எங்கே கேட்ட குரல் என்று யோசித்தேன். என் குரல்தான். மலையில் கொழுந்துக்காரிகளை நான் விரட்டுவது. கீழே சிங்கள ஊரிலிருந்து மரக்கறி விற்க வந்தவள், இரண்டு வீட்டுச் சண்டையும் முடிந்து என்னைக் கட்டிக்கொண்டவள், வேறெங்கே தமிழ் படித்தாள்? கொஞ்சுகிற தமிழ் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும்தான்.

செல்வி அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

லயத்து வீடுகளில் யாரோ சொன்னார்களென்று வசம்பு உரைத்து நாக்கில் தடவினேன். என் புதுச் சட்டையில் துப்பிவிட்டாள். கறை போகாது.

நவம்பர் 13, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது.

லீலாவின் அண்ணன் பியதாச வந்தார். ஒரு பலாக்காய், இரண்டு வட்டு கருப்பட்டி, பன்சலையில் புத்த பிக்கு பிரித் ஓதிய நூல் ஒன்று. நூலைச் செல்வியின் கையில் கட்டினார். கழுத்தில் ஏற்கெனவே முருகன் கோயில் கயிறு. இரண்டு சாமியும் சண்டை போடாமல் இருந்தால் சரி.

சாப்பிட்டபின் விஷயத்துக்கு வந்தார். பிள்ளையை அவர்களோடு விட்டுவிட வேண்டுமாம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சிங்களத்தில் படிக்கட்டும், அங்கே வந்தால் வாயாடுவாள், நாளைக்கு உத்தியோகத்துக்கும் அதுதானே வேண்டும் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். யோசிக்கிறேன் என்று சிங்களத்தில் பதில் சொன்னேன். அவரோடு வேறு எதில் பேசுவது.

செல்வி என்னை அண்ணாந்து பார்த்தாள். ஏதோ திருடனைப் பிடித்த மாதிரி. யோசித்தால், இந்த வீட்டுக்குள் நான் சிங்களம் பேசி அவள் கேட்டதே இல்லை.

அண்ணன் போனபின் லீலா: “பிள்ளைய குடுப்பீங்களா?”

“மாட்டேன்.”

“தையில பேசாட்டி?”

மாஸ்டர் அம்மாவின் பாஷையை விடச் சொல்கிறார். மச்சான் அப்பாவின் பாஷையை விடச் சொல்கிறார். ஆளுக்கொரு கத்தி.

நவம்பர் 15, செவ்வாய்

தலவாக்கலைக்குப் போனேன். ம.எண்ணெய் வாங்கியாச்சு. பனியன் சின்னதாகப் போய்விட்டது. கருவாடு மறந்தேன்.

திரும்பும்போது பஸ் பலகையில் சிங்களம் மட்டும். பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. ஆளைக் கேட்கக் கௌரவம் விடவில்லை. ஏறி உட்கார்ந்துவிட்டேன். லிந்துலையில் எங்கள் தோட்டமிருக்கும் அக்கரப்பத்தனைப் பக்கம் திரும்பாமல் நேரே போனபோதுதான் நுவரெலியா பஸ் என்று தெரிந்தது. இறங்கி மழையில் நடை. லீலா பக்கத்தில் இருந்திருந்தால் ஒரே பார்வையில் வாசித்திருப்பாள்.

அவளிடம் சொன்னேன். இத்தனை நாளைக்குப் பிறகு சிரித்தாள். சிங்களத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு மூடிக்கொண்டாள். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 16, புதன்

பெரிய மழை. மத்தியானத்தோடு வேலை நின்றது.

சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். உள்ளே சிரிப்புச் சத்தம். லீலாவுடையது மட்டுமில்லை, இரண்டு குரல். கதவைத் திறந்ததும் இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

“சிங்களம் பேசினியா?”

“இல்ல.”

“பொய் சொல்லாத.”

“இல்லன்னா இல்ல.”

“நாளைக்கு பிள்ளைகிட்டயே கேக்குறேன் பாரு!”

பேசாத பிள்ளையிடம் கேட்பேனாம். கோபம் வந்தால் எனக்குப் புத்தி மேய்ச்சலுக்குப் போய்விடும். லீலா அதன்பின் பேசவில்லை, தமிழும் இல்லை.

நவம்பர் 17, வியாழன்

தூறல். மத்தியானம் மடுவத்தில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தேன். கூடைகள் வரிசையாக. லீலா சோறு கொண்டுவந்தாள், நேற்றைய கோபத்தில் உள்ளே வரவில்லை. வெளியே சாக்குக்குள் நின்றுகொண்டு பாத்திரத்தைச் செல்வியிடம் கொடுத்தனுப்பினாள்.

செல்வி பெண்களுக்கு நடுவே புகுந்து நேரே என் முன்னால் வந்து நின்றாள். பாத்திரத்தைக் கீழே வைத்தாள். மூச்சு வாங்கிக்கொண்டாள்.

“அப்பா. அம்மா சிங்களம் பேசவே இல்லன்னு சொல்லச் சொன்னாங்க.”

தராசு தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. “அடி ஆத்தி! கணக்கப்பிள்ளை மகளா பேசுது?” என்றாள் ஒருத்தி. பிறகு மடுவமே சிரித்தது. வெளியே லீலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிள்ளைக்குச் சிரிப்பு பிடிபடவில்லை. நான் காது கேட்காதவன் என்று நினைத்தாளோ, இன்னும் உரக்க முழுவதையும் மறுபடி சொன்னாள்.

சிங்களம் பேசவில்லை என்ற சேதியை லீலா சொல்லிக்கொடுத்ததே சிங்களத்தில்தான். அவ்வளவு நீளத் தமிழ் அவளுக்கு வராது. பிள்ளை அதை வழியிலேயே தமிழாக்கிக் கொண்டுவந்திருக்கிறாள், ஒரு சொல் சிந்தாமல். எங்கேயும் எதுவும் அடைத்துக்கொண்டிருக்கவில்லை. என்னிடம் வந்து சொல்ல அவளுக்கு ஒரு காரியம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அத்தனை பேர் முன்னால் அழுதேன். மழைத் தண்ணீர் என்று எல்லாரும் நினைத்திருந்தால் நல்லது. கொழுந்தின் எடையில் ஈரத்துக்குக் கழிக்க மறந்துபோனேன். யாரும் ஞாபகப்படுத்தவில்லை. ஏன் ஞாபகப்படுத்தப் போகிறார்கள்.

நவம்பர் 18, வெள்ளி

மழை விட்டிருக்கிறது. கருவாடு வாங்கியாச்சு.

லீலாவிடம் காலையில் சிங்களத்தில் சொன்னேன்: உன் பிள்ளையிடம் உன் பாஷையில் பேசு, தையாவது மாசியாவது. என் கடைவீதிச் சிங்களத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு பால் பொங்கி வழிந்ததற்கு என்னைத் திட்டினாள், சிங்களத்தில்.

பியதாசவுக்குச் சொல்லியனுப்ப வேண்டும்: பிள்ளை இங்கேதான் இருப்பாள், பலாக்காய் மட்டும் வரட்டும். மாஸ்டருக்கு என்ன சொல்வது, தெரியவில்லை. ஜனவரியில் அவரே பெயரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

செல்வி முழங்கையைப் பிடித்து இழுக்கிறாள், எழுத விடவில்லை. என்ன எழுதுறீங்க, என்ன எழுதுறீங்க என்று ஒரே நச்சரிப்பு. சொன்னால்தானே போய் அம்மாவுக்குச் சொல்லலாமாம்.