நேசமலரின் ஒருசந்தி

சேசு மரி சூசை துணை

கொக்கிளாய்
1955 தை 3

அன்புள்ள மகன் கிறிஸ்தோப்பருக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் உயிரோடு உலாவித் திரிகிறோம். நீயும் மருமகளும் கொழும்பிலே ஒரு குறையுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன், அப்படியே இருக்கவேண்டும். வாடைக்காற்று விடாமல் அடிக்கிறது, கடல் கொதிக்கிறது, வள்ளமெல்லாம் கரையிலேதான். கரைக்கு உள்ளே கிடக்கிற களப்பிலே வலையில் விழுந்த இறாலைக்கொண்டு சனம் ஒருமாதிரி நத்தாரைக் கொண்டாடியது. அம்மா உனக்கென்று செய்த பயற்றம் பணியாரம் அலுமாரிக்குள் இருக்கிறது, என்னைத் தொட விடுகிறாளில்லை.

இனி எழுதப்போவதை மருமகளிடம் காட்டாதே, எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ இந்த நத்தாருக்கு அவளோடு வருகிறாய் என்று சந்தியிலும் மீன்வாடியிலும் கோயிலடியிலும் ஒருவர் விடாமல் சொல்லித் திரிந்தேன். கடைசி நேரத்தில் நீ எழுதினாய், அவளுக்குக் கருவாட்டு மணம் ஒத்துவராது, வேறு வருசம் பார்ப்போம் என்று. அந்த மணத்துக்குள்ளேதான் நீ தவழ்ந்தாய், அது கிடக்கட்டும். நடுச்சாமப் பூசை முடிந்து, குடிலடியில் எல்லாரும் வரிசையாக நின்று பாலன் பாதத்தை முத்தி செய்கிறோம். என் முறை வந்து நான் முத்தி செய்து தலை நிமிர்த்த முன்னமே சுவாமியார், எங்கே வஸ்தியாம்பிள்ளை, மகனும் மருமகளும் என்று கேட்டார். பின்னாலே ஊர் முழுக்க நிற்கிறது. மகனுக்குக் கருவாடு மணக்கிறதாம் என்று அத்தனை கருவாட்டுக்காரருக்கு முன்னால் எந்த வாயால் சொல்ல? நெருப்புக்காய்ச்சல் சுவாமி, கொழும்பு ஆசுப்பத்திரியிலே கிடக்கிறான் என்று சொல்லிவிட்டேன். பாலனை முத்தி செய்த வாயால் சொன்னேன் மகனே.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் முடியப்பர் திருநாள் பூசையில் சுவாமியார் உன் பெயரைச் சொல்லி மன்றாடச் சொன்னார். அன்று பின்னேரம் தொடக்கம் எங்கள் வீட்டில் செபமாலை. ஒருவர் முட்டை கொண்டுவருகிறார், ஒருவர் பார்லி கொண்டுவருகிறார். முள்ளியவளையிலிருந்து அரிசி கொண்டுவருகிற ஏரம்பு, வற்றாப்பளை அம்மனுக்கு உனக்காக நேர்ந்துவிட்டு வந்து நிற்கிறான். அம்மா மூலையில் இருந்து அழுகிறாள், சனம் உன் காய்ச்சலுக்கு அழுகிறாள் என்று தேற்றுகிறது. நீ வராததற்குத்தான் அழுகிறாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். என்னோடு கதைப்பதில்லை. கதைத்தது ஒன்றுதான், பிள்ளையைச் சாகக்கிடத்திப்போட்டு இருந்து செபம் சொல்லுங்கோ என்று.

எல்லாரிலும் என்னைக் கொன்றவள் நேசமலர். போன வருசம் புருசன் யாக்கோப்புவைக் கடல் கொண்டுபோன பிறகு கூலிக்குக் கருவாடு காயப்போட்டுப் பிள்ளையை வளர்க்கிறாள், உனக்குத் தெரியும். மாசில்லாக் குழந்தைகள் திருநாளன்று பிள்ளையை ஆசீர்வாதத்துக்குக் கொண்டுவந்தவள், உன் காய்ச்சல் இறங்கும்வரை ஒருசந்தி என்று குடிலுக்கு முன்னால் நேர்ந்துவிட்டாள். ஊரெல்லாம் பலகாரம் தின்கிற நாளில் அவளுக்கு மத்தியானம் ஒருபிடி சோறு, வேறொன்றுமில்லை. வருசக்கடைசி நன்றி ஆராதனையிலே சுவாமியார், காய்ச்சல் இறங்கிவிட்டதா என்று எல்லாருக்கும் முன்னால் என்னைக் கேட்டார். இறங்கிவிட்டது என்றால் பொய்க்கு நன்றிப்பாட்டுப் பாடுவார்கள். இல்லையென்றால் அவள் பட்டினி நீளும். நான் வாய் திறக்காமல் மரம்போல நின்றேன். சனம் நீ முடிந்துபோகிறாயாக்கும் என்று நினைத்து, ஓவென்று குழறிக்கொண்டு முழங்காலில் விழுந்தது.

வருசப்பிறப்பு விடிய நேசமலர் வீட்டுக்குப் போய்க் குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த அகப்பையால் அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் கேட்டது, அப்ப தம்பிக்கு ஒண்டுமில்லையோ அண்ணை, வடிவாச் சொல்லுங்கோ, நல்லா இருக்கிறானோ என்று. ஓம் பிள்ளை என்றேன். நெற்றியில் சிலுவை போட்டு, தேவமாதாவே தோத்திரம் என்றுவிட்டு, அடுப்பிலிருந்த கஞ்சியில் ஒரு சிரட்டை ஊற்றிக் குடித்தாள். ஒரு சொல் ஏசவில்லை. அவளுக்கென்று கொண்டுபோன முட்டையைக்கூடக் கொடுக்க மறந்து திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு பாவசங்கீர்த்தனம் செய்தேன். சுவாமியார், ஊருக்கு முன்னால் சொன்னதை ஊருக்கு முன்னாலேயே திருத்து என்றார். வியாழக்கிழமை மூவிராசாக்கள் திருநாள், பூசை முடிய எழும்பிச் சொல்லப்போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடாதே. பனி நேரம் தலை முழுகாதே. மருமகளில் எனக்கு ஒரு கோபமும் இல்லை, மணம் அவளுக்கா உனக்கா என்று நான் கேட்கப்போவதுமில்லை. நேசமலருக்கு உன் கையால் இரண்டு வரி எழுது, மறக்காதே. சேசுநாதரும் தேவமாதாவும் உங்கள் இருவரையும் கைவிடாமல் காக்கட்டும். வியாழக்கிழமை, என் மகன் சுகமாகத்தான் இருக்கிறான் என்று நான் சொல்லிவிடுவேன். அப்ப ஏன் வரேல்லை என்று கேட்பார்கள். அதற்கு இனி என்னிடம் பொய் இல்லை. நீ வந்து சொல்லு.

உன்னைப் பெற்ற அப்பு,
சூ. வஸ்தியாம்பிள்ளை