கடைசி ஸ்டேஜில் பூஜ்யம்

4.2.2008, திங்கள்

பதிவுத் தபால் வந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி நான் கேட்டதற்கு, சரியாக முப்பதாவது நாள் பதில். விருத்தாசலத்திலிருந்து கம்மாபுரம் வழியாகப் புதுக்காலனி போகும் மாலை 6.20 டவுன் பஸ்ஸில், ஜூலை முதல் டிசம்பர் வரை எந்த ஸ்டேஜில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்ற விவரம். நூற்று எண்பத்து நான்கு தாள். அரசாங்கம் எதையும் மறைக்கவில்லை. கார்பன் காப்பி என்பதால் எதுவும் தெரியவும் இல்லை.

நான் வேலை பார்க்கும் செராமிக் கம்பெனியின் பெண்கள் அந்த வண்டியில்தான் ஒருவர் மேல் ஒருவராகப் போகிறார்கள். இன்னொரு வண்டி வேண்டும். மனுவைக் குப்பையில் போடுவார்கள். எண்களைப் போட யாருக்கும் மனம் வராது என்று நம்புகிறேன்.

10.2.2008, ஞாயிறு

நாள் முழுக்க உமர் பாரூக்கின் நெட் சென்டரில். நான் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க, அவர் கணினியில் ஏற்றினார். துபாயில் ஒரு சரக்குக் கம்பெனியில் லாரிகளுக்கு வழி போட்டுக் கொடுத்தவர். ஊருக்கு வந்து, பையன்களுக்கு ரயில்வே தேர்வு முடிவு பார்த்துக் கொடுக்கிறார்.

மாலையில் இணையத்து வரைபடத்தில் ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் ஒரு வட்டம் வந்தது. ஆள் அதிகம் என்றால் வட்டம் பெரிது. கம்மாபுரம் பூசணிக்காய் அளவு.

"அண்ணே, கடைசி ஊருக்கு வட்டமே வரலையே. புதுக்காலனி பூஜ்யம்ங்குது. ஆறு மாசமும் பூஜ்யம்."

"ஆள் இறங்கினால்தானே வட்டம் வரும், பாய். எண் பொய் சொல்லாது."

இதை நான் சொன்னேன். தேதியோடு எழுதி வைக்கிறேன்.

13.2.2008

வரைபடத்தை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டாயிற்று. அச்செடுத்துப் போக்குவரத்து அலுவலகத்திலும் கொடுத்தேன். அதிகாரி கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். "கலர்ல இருக்குதே" என்றார்.

25.2.2008, திங்கள்

பன்னிரண்டே நாளில் உத்தரவு! இருபது வருடமாக மனு எழுதுகிறேன். என் மனு ஒன்றின் மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டது இதுவே முதல் தடவை. பழமலைநாதருக்கு ஓர் அர்ச்சனை செய்துவிடலாம் என்று தோன்றியது. பிறகு கடிதத்தை இரண்டாம் முறை படித்தேன்.

"தாங்கள் அளித்த ஆய்வின்படி கடைசி ஸ்டேஜில் பயணிகள் எவரும் இறங்குவதில்லை எனத் தெரியவருவதால், 1.3.2008 முதல் மேற்படி வண்டி கம்மாபுரத்துடன் நிறுத்தப்படும். தங்கள் பொதுநல ஆர்வத்துக்கு நன்றி."

இன்னொரு வண்டி பற்றி ஒரு வரியும் இல்லை. என் மனைவி அமிர்தம் கடிதத்தை வாங்கிப் படித்தாள். "பஸ்ஸு கேக்கப் போயி, இருந்த பஸ்ஸ குறைச்சுட்டு வந்திருக்கீங்க. நன்றி வேற சொல்லியிருக்காங்க" என்றாள்.

3.3.2008, திங்கள்

காலையில் ஆதிலட்சுமி ஆபீஸ் வாசலில் நின்றாள். ஃப்யூஸ் கட்டைகளுக்கு விளிம்பு சீவும் பிரிவு. பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர்.

"ஏன் சார், காலனில யாரும் எறங்கலன்னு எழுதிக் குடுத்தது நீங்கதானாமே? தெனம் பதினெட்டுப் பொம்பளைங்க எறங்குறோமே, நாங்கல்லாம் என்ன ஆவியா?"

"நீ கம்மாபுரம்தானே? உன் முகவரியில் அப்படித்தான் இருக்கிறது."

"அது போஸ்டாபீசு சார். வூடு புதுக்காலனி."

சனிக்கிழமை கம்மாபுரத்தில் இறங்கி, நிலக்கரி லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி மூன்று கிலோமீட்டர் நடந்திருக்கிறார்கள். வீட்டில் பாவாடை — அவள் கணவன் — சொல்லிவிட்டானாம்: ஏப்ரல் வரைக்கும் பார்ப்பது, பஸ் வராவிட்டால் வேலையை விட்டுவிடுவது. "அவரு பேசினா பேசினதுதான் சார். எட்டு வருசமா இந்த வேலதான் எனக்குன்னு இருக்குது."

கடன் வாங்கியவனைப் போல மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4.3.2008

கண்டக்டர் நடராசனை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பிடித்தேன். பதினெட்டுப் பேர் எப்படிப் பூஜ்யமானார்கள்?

"வண்டி திரும்ப அங்கதான் சார் எடம் இருந்துது. காலியாப் போற வண்டி. கம்மாபுரம் டிக்கெட்டோட உக்கார வெச்சிக் கொண்டுபோயி வுடுவேன். எனக்கு முன்ன இருந்தவரும் அப்பிடித்தான். சுரங்கத்துக்கு நெலத்த குடுத்துட்டு மூணு கிலோமீட்டர் தள்ளிப் போனதுங்க. தள்ளிப் போனதுக்கும் காசு கேக்கச் சொல்றீங்களா?"

"இதை எழுதிக் கொடுத்தால் பஸ் திரும்ப வந்துவிடுமே."

"வந்துரும் சார். நான் போயிடுவேன்."

டீக்கு அவரே காசு கொடுத்தார். அது இன்னும் மோசம்.

ஆக, கார்பன் காப்பியில் இருந்த ஒவ்வொரு எண்ணும் சரி. கூட்டலும் சரி. வட்டமும் சரி. ஒரு மனிதன் செய்த நல்ல காரியம் மட்டும் எந்தக் கட்டத்திலும் இல்லை. உண்மையைச் சொன்னால் நடராசனுக்கு வேலை இல்லை. சொல்லாவிட்டால் ஆதிலட்சுமிக்கு இல்லை. எண்களை நம்பிய எனக்கு மட்டும் இரண்டு வகையிலும் வேலை இருக்கிறது.

9.3.2008, ஞாயிறு

பாரூக் வழி கண்டுபிடித்தார். "பழச ஏன் கிண்டணும்ண்ணே? புதுசா எண்ணுவோம். வூட்டுக்கு ஒரு செல்லு இருக்குதில்ல. கம்மாபுரத்துல எறங்குனதும் ஆதிலட்சுமியக்கா என் கடை நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்கட்டும். அப்புறம் வூடு போய்ச் சேர்ந்ததும் ஆளாளுக்கு ஒண்ணு. நேரம் தானா பதிவாயிடும். யாருக்கும் பைசா செலவில்ல."

இந்தியாவே காசு மிச்சம் பிடிக்கக் கண்டுபிடித்த கலை, முதல் முறையாகப் போக்குவரத்துத் திட்டமிடலுக்குப் பயன்படப் போகிறது.

10.3.2008

இன்று பத்தொன்பது மிஸ்டு கால் வர வேண்டிய இடத்தில் இருபத்திரண்டு. மூன்று பேர் அழைத்தது ரயில்வே தேர்வு முடிவு எப்போது வரும் என்று கேட்க.

7.4.2008, திங்கள்

நான்கு வாரக் கணக்கைக் கொடுத்தேன். நாளுக்குப் பதினெட்டுப் பேர். கம்மாபுரத்திலிருந்து வீடு போய்ச் சேரச் சராசரி நாற்பத்தேழு நிமிடம். இணையத்திலும் தினம் ஏறுகிறது. அதிகாரி "பரிசீலனையில் இருக்கும்" என்றார். நாற்காலியைத் திருப்பிக்கொள்ளும் தூரத்தில்தான் பரிசீலனை இருக்கிறது. போக முப்பது நாள் ஆகும்.

19.4.2008

பதினாறு பேர். இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.

30.4.2008, புதன்

ஆதிலட்சுமி கணக்கு முடிக்க வந்தாள். இன்று சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"வரேன் சார். எண்ணுறத வுட்டுடாதீங்க, மத்தவங்களுக்காவது."

வருகைப் பதிவேட்டில் நின்றவர் பெயரைச் சிவப்பு மையால் அடிப்பது என் வேலை. பேனாவைத் திறந்தேன். மை காய்ந்திருந்தது என்று எழுதலாம். காயவில்லை.

8.5.2008, வியாழன்

அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் இரண்டு கணக்கும் பக்கத்துப் பக்கத்தில்.

"உங்க பழைய கணக்கு பூஜ்யம்ங்குது. புது கணக்கு பதினெட்டுன்னு ஆரம்பிச்சு பதினாலுல நிக்கிது. பஸ்ஸு நின்னப்புறம் ஆளுங்க எங்கிருந்து மொளைச்சாங்க?"

முகத்தை மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன். இருபது வருடப் பயிற்சி. "புதுக் கணக்கைப் பற்றி மட்டும்தான் சார் என்னால் சொல்ல முடியும்" என்றேன்.

அவர் நூற்று எண்பத்து நான்கு தாளையும் அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி, பீரோவின் அடித்தட்டில் வைத்தார். "நானும் பன்னண்டு வருசம் கண்டக்டர் பை மாட்டினவன்தான் சார்" என்றார். பிறகு பீரோவைப் பூட்டினார்.

17.5.2008

உத்தரவு வந்தது. திங்கள் முதல் புதுக்காலனி வரை. அந்த ஸ்டேஜுக்கு இனி தனிக் கட்டணம் கட்டாயம். இன்னொரு வண்டி? அது பரிசீலனையில்.

19.5.2008, திங்கள்

நானும் கடைசி வரை போனேன். நடராசன் எல்லோருக்கும் காலனி டிக்கெட் கிழித்தார். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. "கண்டக்டரே, புதுப் பொண்டாட்டியாட்டம் ஏன் தலையக் குனிஞ்சிக்கிறீங்க, குடுங்க" என்று ஒரு அம்மாள் ரூபாயை நீட்டினாள். வண்டியே சிரித்தது. இறங்கியவர்கள் பதினாலு.

ஆதிலட்சுமி வீட்டு வாசலில் முறத்தோடு வந்து நின்றாள். "பஸ்ஸு வந்துட்டா மட்டும் என்னா சார், எடத்துக்கு வேற ஆளு போட்டிருப்பாங்களே" என்றாள். காலையில் வந்து பார் என்றேன். உள்ளேயிருந்து பாவாடை, "பஸ்ஸு வந்தா போவட்டும்னுதானே சொன்னேன்" என்றான். பேசினால் பேசினதுதான்.

20.5.2008, செவ்வாய்

ஆதிலட்சுமி எட்டு மணிக்கு வந்தாள். பழைய இடத்திலேயே உட்கார்ந்து சீவ ஆரம்பித்தாள்.

முதலாளி பதிவேட்டைப் புரட்டினார். "இந்தம்மாவுக்கு என்னா, பதினஞ்சு நாளு லீவு?"

"வேண்டுதல்" என்றேன்.

மே 2 முதல் நேற்று வரை, ஞாயிறு போக பதினைந்து கட்டத்திலும் 'விடுப்பு' என்று என் கையெழுத்தில்தான் இருக்கிறது. அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தனியார் கம்பெனிப் பதிவேட்டுக்குத் தகவல் உரிமைச் சட்டம் பொருந்தாது. அந்தச் சட்டத்தில் நான் கண்ட ஒரே ஓட்டை இதுதான். அதை அடைக்கச் சொல்லி மனு எழுதுவதாக இல்லை.