முதுகு டாக்டர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? தினமும் போனில் பேசுகிறவள் கடிதம் எழுதுகிறாளே என்று பதறாதீர்கள், மன்னித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூச்சைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் ஒன்று கேட்டேன்: "அப்பா, பயிற்சிக்குப் போற இடத்துலயே வேலை தர்றாங்க, சேரட்டுமா?" நீங்கள், "ஆமாம்மா, இங்கயும் நல்ல மழைதான்" என்றீர்கள். மறுபடி கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வருகிற திங்கட்கிழமை அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்களைக் கேட்காமல் சரி என்று சொல்ல மனமில்லை.

அதற்கு முன் உங்கள் மேல் ஒரு புகார். எதிர்வீட்டு அத்தை போன் செய்தார். "டாக்டரம்மா, குனிஞ்சா நிமிர முடியல, என்ன மாத்திரை போடட்டும்?" என்றார். நான் முதுகு டாக்டருக்குப் படிப்பதாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறீர்களாமே! அப்பா, நான் படிப்பது முதுமையியல். வயதானவர்கள் யாரோடு பேசுகிறார்கள், பயமில்லாமல் தெருவைக் கடக்கிறார்களா, வீட்டில் அவர்கள் பேச்சு எடுபடுகிறதா என்பதெல்லாம்தான் பாடம். வாங்கப்போவது முதுகலைப் பட்டம். அதில் பாதி முதுகு இருப்பது உண்மைதான், ஆனால் என்னால் யார் முதுகையும் நிமிர்த்த முடியாது. அத்தையிடம் நான் டாக்டர் இல்லை என்றேன். "படிச்ச பிள்ளைக்கு எவ்வளவு தன்னடக்கம்!" என்று மெச்சிக்கொண்டார்.

வேலை தரும் இடம் ஒரு பகல் மையம். முதியவர்கள் காலையில் வேனில் வந்து, மாலையில் வீடு திரும்புவார்கள். முதல் நாள் நான் வெட்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றேன். கேரம் ஆடிக்கொண்டிருந்த பழைய பஸ் கண்டக்டர் ஒருவர், "இந்தப் பொண்ணு பேசுமா, இல்ல மாட்டி வச்ச போட்டோவா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். அவரை அங்கே 'விசில்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

விசில் ஐயா காதுக்கருவி மாட்ட மாட்டேன் என்று அடம்பிடித்தார். "எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் முணுமுணுக்கிறீங்க" என்பார். நேற்றுதான் எப்படியோ இறங்கி வந்தார். மாட்டிக்கொண்டு நடந்தவர், யாரோ பின்னால் வருவதாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவருடைய செருப்புச் சத்தம்தான்! அடுத்து, தினமும் அவரோடு மையத்துக்கு வரும் அவருடைய மனைவி வழக்கம்போல் ஏதோ முனகினார். "அடிப்பாவி, இத்தனை வருஷமா இதையா சொல்லிட்டிருந்தே?" என்றார் இவர். "முதல்ல அதைக் கழட்டுங்க" என்றார் அந்த அம்மா. கூடமே குலுங்கியது. மாலையில் இருவரும் வேனுக்குக் காத்திருந்த நேரமெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, அப்பா.

ஞாயிற்றுக்கிழமை சிக்னல்தான் சரியில்லை என்று நினைத்தேன். விசில் ஐயாவைப் பார்த்த பிறகு வேறு மாதிரி யோசிக்கிறேன். நம் வீட்டு டிவி சத்தம் கூடிக்கொண்டே போகிறது. அம்மா ஏதாவது கேட்டால் நீங்கள் சிரித்துச் சமாளிக்கிறீர்கள். நசுங்கிய வண்டிகளைப் பட்டறையில் நீங்கள் தட்டித் தட்டி நிமிர்த்திய சத்தத்தில்தான் நான் படித்து வளர்ந்தேன். அந்தச் சத்தமெல்லாம் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று இப்போது புரிகிறது.

அதனால் வேலைக்குச் சம்மதமா என்று பதில் எழுத வேண்டாம், போனிலும் சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமை ஊருக்கு வருகிறேன். மறுநாள் என்னோடு காதுப் பரிசோதனைக்கு வாருங்கள். அங்கே கருவியை மாட்டிப் பார்க்கும்போது நான் மறுபடி கேட்கிறேன், கத்தாமல், என்னுடைய சின்னக் குரலில். அப்போது சொல்லுங்கள், போதும்.

தெருவில் யாராவது எங்கே என்று கேட்டால், முதுகைக் காட்டப் போகிறோம் என்றே சொல்லிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் முதுகு டாக்டர்