மாம்பழப் படம் போட்ட பரிசு

கீழ்க்கட்டளை,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள டெனிஸுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மெல்போர்னில் நீயும் அப்படியே இருக்க தினமும் ஜெபிக்கிறேன். உன் தங்கை ஜெரூஷாவும் சுகம் என்று எழுத வேண்டும், அதை எழுதத்தான் எனக்கு முகமில்லை. போனில் சொன்னால் நீ ஏதாவது பேசி என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த வருஷமும் சர்ச்சில் விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பரிசு சேர்க்கும் வேலை என் தலையில்தான். வசனம் ஒப்பிக்கிற பிள்ளைகளுக்குப் பேனா, ஸ்கேல், டிபன் பாக்ஸ் என்று வாங்கியும் ஒன்று குறைந்தது. உன் பழைய மேஜையை இப்போது ஜெரூஷாதான் வைத்திருக்கிறாள் இல்லையா, அதன் டிராயரில் மாம்பழப் படம் போட்ட புது அட்டைப்பெட்டி ஒன்று பிரிக்காமல் கிடந்தது. வாசனை வருகிற மார்க்கர் பேனா என்று நினைத்து, கலர் பேப்பர் சுற்றி, நம் சபைச் சந்திரிகாவின் நாலாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு என் கையாலேயே கொடுத்தேன். முப்பது வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள், கண்ணாடியை எடுத்து மாட்டி அட்டையைப் படிக்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சந்திரிகா அதை ஒரு கேரி பேக்கில் போட்டுக்கொண்டு வந்தாள். "டீச்சர், இது பேனா இல்ல, இழுத்தா புகை வருது, பாப்பா வாயில வெச்சிட்டா, நல்லவேளை நான் பாத்தேன்" என்றாள். கத்தவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. போதகர் அதை வாங்கிப் பார்த்து, இது வேப், மின்சார சிகரெட், நம் நாட்டில் விற்கவே கூடாதே, உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று மெதுவாகக் கேட்டார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஒன்றுமே விசாரிக்காமல் ஜெரூஷாவை அறைந்துவிட்டேன். அவள் மேஜை, அவள் டிராயர், எனக்கு அது போதுமானதாக இருந்தது. காலேஜ் போகிற பெண்ணுக்கு இது என்ன பழக்கம் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லி, இனிமேல் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்க வேண்டாம் என்று நானே போதகருக்குச் சொல்லிவிட்டேன். "என்னோடது இல்லம்மா" என்றாள், அவ்வளவுதான்.

நேற்று என் போனுக்கு ஒருவன் கூப்பிட்டான். "டெனிஸ் சார் நம்பரா மேடம், மேங்கோ ஸ்டாக் வந்திருக்கு, பழைய அட்ரஸுக்கே அனுப்பட்டுமா" என்றான். அப்பா போனைப் பிடுங்கி, இது தடை செய்ததாயிற்றே என்று கேட்டதற்கு, "அதனாலதான் சார் டார்ச் லைட்டுன்னு பில் போடுறோம்" என்றான். உன் வெளிநாட்டு நம்பருக்கு ஓடிபி வராது என்று கிறிஸ்துமஸுக்கு வந்தபோது என் நம்பரைக் கொடுத்திருக்கிறாய். வாசலில் நின்று ஓடிபி சொல்லி அந்த டார்ச் லைட் பார்சலை வாங்கி உன் கையில் கொடுத்தவளே நான்தான். அதில் ஒன்றைத்தான் நீ அந்த டிராயரில் விட்டுப் போயிருக்கிறாய். பெட்டிக்கடையிலாவது ஆளைப் பார்த்து வயதைக் கேட்பான், இங்கே கறிவேப்பிலை மாதிரி வீட்டுக்கே வருகிறது, எந்தச் சட்டம் போட்டு என்ன பிரயோஜனம் என்று அப்பா இன்றைக்கும் புலம்பிக்கொண்டிருக்கிறார். எனக்குச் சட்டத்தைத் திட்ட வாயில்லை.

நீ மொட்டைமாடியில் நின்று இழுத்தது ஜெரூஷாவுக்கு அப்போதே தெரியுமாம். ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டேன். "அண்ணான்னு சொன்னா நீ நம்பியிருக்க மாட்டம்மா, அதுக்கும் சேத்து அடிச்சிருப்ப" என்றாள். அவள் சொன்னது உண்மை, டெனிஸ்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து சொல்லப் போகிறேன். என் தப்பைச் சொல்வேன், உன் பெயரையும் சொல்வேன், வேண்டாம் என்று தடுக்காதே. அந்த ஆளிடம் இந்த விலாசத்தை எடுத்துவிடச் சொல், உன் நெஞ்சையும் டாக்டரிடம் காட்டு, பழக்கத்தை விட முடியவில்லை என்றால் அதையும் அவரிடமே சொல். கர்த்தர் உன் மூச்சையும் உன் வீட்டையும் காப்பாராக. கடிதம் கிடைத்ததும் எனக்குப் போன் பண்ணாதே, ஜெரூஷாவுக்குப் பண்ணு. உன்னிடமாவது அவள் பேசுகிறாளா என்று பார்க்கிறேன், என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

உன் அம்மா,
ரத்தினபாய் வில்பிரட்